கொம்தாரில் 4,000 காட்டேரிகள்: கணக்கு இடிக்குதே, தங்கச்சி

அன்புத் தங்கச்சிக்கு,

உன் நாவலின் ஆறு அத்தியாயங்களையும் படித்து முடித்தேன். ஓட்டம் நன்றாக இருக்கிறது. அந்தப் பதினாறு வயதுப் பெண்ணின் வாய்த்துடுக்கு அதைவிட நன்றாக இருக்கிறது. இடிப்பது கணக்குதான்.

பினாங்கின் கொம்தார் கோபுரத்தில் 4,000 இரத்தக்காட்டேரிகள், கீழே வேலிக்குள் 300 மனிதர்கள் என்கிறாய். ஒரு காட்டேரிக்கு நாளைக்கு ஒரு கோப்பை, 250 மில்லி என்றே வைத்துக்கொள். ஒரு நாளைக்கு 1,000 லிட்டர் வேண்டும். வளர்ந்த ஆளின் உடம்பில் இருப்பதோ சுமார் 5 லிட்டர். 300 பேரையும் சொட்டு விடாமல் பிழிந்தால்கூட 1,500 லிட்டர்தான். இரண்டாம் நாளே உன் ராஜ்யம் பட்டினி.

கொல்லாமல் எடுக்கலாம். இரத்ததானத்தில் எடுப்பதுபோல 450 மில்லி, 8 வாரத்துக்கு ஒருமுறை. ஆளுக்கு நாளொன்றுக்கு 8 மில்லி தேறும். அப்படியானால் ஒரு காட்டேரிக்கு 31 பேர், 4,000 காட்டேரிக்கு ஒரு லட்சத்து 24 ஆயிரம் பேர். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இரத்தம் தர மாட்டார்கள், ஆனால் சோறு தின்பார்கள். இத்தனை பேரை வைத்துக்கொண்டு வேட்டையாட முடியாது. தோட்டம் நடத்தத்தான் முடியும்.

தோட்டம் நமக்குத் தெரியாததா? பால்மரக் காட்டை, அதான் ரப்பர் தோட்டத்தை, அப்படியே எடுத்துக்கொள். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, பேர் கூப்பிடும் கணக்கர் கிராணி, விரட்டும் கங்காணி, லயத்து வீடுகள். மரத்தைக்கூட ஒருநாள் விட்டு ஒருநாள் சீவுவதுதான் வழக்கம். பேராசைப்பட்டு ஓயாமல் சீவினால் பட்டை வறண்டு பால் நின்றுவிடும். மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் இறங்கிய பால் உறையாமலிருக்க அமோனியா விடுவார்கள். இரத்தத்துக்கு அந்த வேலையைச் செய்வது சிட்ரேட். 450 மில்லிப் பையில் அந்தக் கரைசல் 63 மில்லி முன்கூட்டியே இருக்கும். இரத்தம் இறங்க இறங்கப் பையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நாலாம் அத்தியாயத்தில் அந்தப் பெண்ணின் தம்பி கண்ணாடிப் போத்தலில் இரத்தத்தைத் திருடிக்கொண்டு ஓடுகிறானே, அது ஃபெர்ரி அக்கரையிலுள்ள பட்டர்வொர்த் சேர்வதற்குள் ஈரல் துண்டு மாதிரி உறைந்துபோயிருக்கும். பையோடு திருடச் சொல். 2 முதல் 6 டிகிரிக்குள் வைத்தால் அது 35 நாள் தாங்கும். உன் போராளிகள் மரக்குச்சியைக் கூராகச் சீவிக்கொண்டிருப்பதற்குப் பதில் குளிரறையின் மின்சாரத்தைத் துண்டிக்கலாம்.

பூண்டை எடுத்துவிடு. அது பலிக்குமென்றால் லிட்டில் இந்தியாப் பக்கம் ஒரு காட்டேரியும் தலைகாட்டாது. காவலுக்கு ஊர் வழக்கம் வேண்டுமென்றால் மெங்குவாங் என்ற தாழையின் முள் இருக்கிறது. பிள்ளை பிறந்த வீட்டுக்குள் பெனாங்காலான் என்ற இரத்தம் குடிக்கும் பேய் நுழையாமலிருக்க மலாய்க்காரர்கள் கட்டி வைத்தது.

‘குளிர்காலத்து நீண்ட இரவு’ என்று ஒரு வரி. பினாங்கில் ஏது? வருஷம் முழுக்கப் பார்த்தாலும் பகல் நீள்வதும் குறைவதும் அரைமணி, முக்கால்மணிக்குள்தான். ஆனால் வேறொன்று கிடைக்கிறது. 1982இல் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளியதால் இங்கே சூரியன் தலைகாட்டக் காலை 7 மணி தாண்டிவிடும். பிள்ளைகள் இருட்டிலேயே பள்ளி பஸ் ஏறுகிறார்கள். அதை நீ தொடவே இல்லை. பகலிலும் லெபோ பாசார் கடைவரிசையின் ஐந்தடி நடைபாதையில், மேலே கூரை இருக்கும் தைரியத்தில், காட்டேரி நிழல் விட்டு நிழலாக நடந்துவிடும். சந்து குறுக்கிடும் இடத்தில் மட்டும் நாலு எட்டு வெயில். உன் துரத்தல் காட்சியை அங்கே கொண்டுபோய் வை.

அடுத்தது இரும்புச்சத்து. ஒவ்வொரு பையோடும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு போய்விடும். உடம்பு சாப்பாட்டிலிருந்து ஏற்றுக்கொள்வது நாளைக்கு 1 அல்லது 2 மில்லிகிராம். 8 வாரத்தில் ஈடாகாது. ஆகவே நிர்வாகம் கெராங் சிப்பியும் ஈரலும் போட்டுத்தான் ஆக வேண்டும். இதில்தான் உன் பெண்ணுக்கு வழி திறக்கிறது. சோற்றோடு சேர்த்துக் கெட்டித் தேத்தண்ணி குடித்தால் கீரை, பருப்பிலுள்ள இரும்பு உடம்பில் ஒட்டுவது வெகுவாகக் குறையும். லயமே கூடிப் பேசி, தட்டில் விழும் கெராங்கை ஒளித்துவிட்டு, மூன்று வேளையும் தேத்தண்ணி குடிக்கட்டும். சில மாதங்களில் இரத்தம் வெளுத்துவிடும். விலையும் உண்டு: மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், காட்டேரி துரத்தினால் ஓடக் கால் வராது. ஐந்தாம் அத்தியாயத்தில் அவள் பினாங்கு மலையை ஒரே மூச்சில் ஏறுகிறாள், அதை அடித்துவிடு.

இரத்தம் எடுக்குமுன் பெரட்டில் சோதனை இப்படி நடக்கும். விரல் நுனியில் குத்தி, ஒரு துளியை மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கரைத்த நீரில் விடுவார்கள். நீரின் அடர்த்தி 1.053. இரத்தத்தில் சத்து போதுமென்றால் 15 விநாடிக்குள் துளி அடியில் போய்ச் சேரும். இல்லையென்றால் நடுவிலேயே நிற்கும், அல்லது மேலே வரும். கிராணி வாய்க்குள் எண்ணுகிறான். நீலத் தண்ணீரில் அவள் துளி பாதிவரை இறங்கி நிற்கிறது. ஏழாம் அத்தியாயத்தை அங்கே ஆரம்பித்து எழுதி அனுப்பு.

அன்புடன்,
அக்கா