தொட்டி எஞ்சின் முன்பதிவு: ஞாயிறு கூடுகிறோம்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே, தம்பிகளே.

நாம் காத்திருந்த பேனியர் டேங்க் நீராவி எஞ்சினின் புதிய மாதிரி (சிறிய மாடல் ரயில்) அறிவிக்கப்பட்டுவிட்டது. ஓஓ அளவு, 1:76, அதாவது நிஜ எஞ்சினில் 76இல் ஒரு பங்கு. பிரிட்டனின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் 5700 வகை. நிஜ எஞ்சின்களை 1929 முதல் 1950 வரை 863 கட்டினார்கள். கொதிகலனின் இரு பக்கமும் பொதிமூட்டை போலத் தொங்கும் தண்ணீர்த் தொட்டிகள்தான் அதற்கு அழகே.

1. வரும் ஞாயிறு மாலை 3 மணி, டர்பன் சாட்ஸ்வொர்த், எங்கள் வீட்டு கராஜ்.

2. எத்தனை வேண்டும், எந்த நிறம் என்று வெள்ளிக்குள் இங்கே எழுதுங்கள். சேர்த்து வரவழைத்தால் கூரியர் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

3. 16.5 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம் போட்டிருப்பேன். நம் ஊர் கேப் கேஜ் (1067 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம்) வண்டிகளை 1:64இல் செய்தவர்களும் அதிலேயே ஓட்டலாம், கொண்டு வாருங்கள்.

4. பெட்டி வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுங்கள். போன தடவை எனக்கு வந்த எஞ்சினில் ஏறுபடி ஒன்று ஒடிந்து பஞ்சுக்குள் கிடந்தது. படம் இல்லையென்று கடையில் மாற்றித் தரவில்லை. மனசு இன்னும் ஆறவில்லை.

அப்புறம், பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். 1860 ஜூனில் டர்பனில் ஓடிய முதல் ரயிலை இழுத்ததும் ஒரு சின்ன டேங்க் எஞ்சின்தான். அதே வருஷம் நவம்பரில்தான் நம் முன்னோர் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் இங்கே வந்திறங்கினார்கள். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

வருகிறவர்கள் ‘வருகிறேன்’ என்று ஒரு வரி போடுங்கள்.