எலிவேஷனுக்கு முன்னால் ஒரு தாள்: குமரி மாவட்ட வீட்டுப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

குமரி மாவட்டத்தில் வீடு வரைந்தும் கட்டியும் தரும் பொறியாளர்களுக்கும், ஆர்க்கிடெக்ட்களுக்கும், கண்ட்ராக்டர்களுக்கும் வணக்கம்.

தக்கலைக்கு மேற்கே சரிவான ஒரு விளையில், அதாவது தோட்டத்து நிலத்தில், நாங்கள் வீடு கட்டப் போகிறோம். சின்ன வீடு அல்ல. அப்பா, அம்மா, வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் குடும்பம், எங்கள் குடும்பம் என எல்லாரும் ஒன்றாகக் கூடினால் தாராளமாகத் தங்க வேண்டும். அதற்கேற்ற பணமும் ஒதுக்கியிருக்கிறோம். இயற்கையோடு சேர்ந்த வீடாக இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் உங்களில் சிலரைப் பார்த்தோம். எல்லாரும் மரியாதையாகப் பேசினீர்கள், டீ வாங்கிக் கொடுத்தீர்கள். ஆனால் கைக்கு வந்த படங்களில் இருந்தது ஒரே வீடுதான். வெள்ளைப் பெட்டி, மேற்குப் பக்கம் இரண்டு மாடி உயரத்துக்குக் கண்ணாடி, முன்னால் செயற்கைப் புல், ஒரு சுவர் முழுக்கத் தொங்கும் செடிகள். அதைத் துபாயில் கொண்டுபோய் வைத்தாலும் பொருந்தும். எங்கள் விளையில் நிற்கும் பலா மரமும் அயினி மரமும், அந்தக் கிணறும், எந்தப் படத்திலும் இல்லை.

எலிவேஷன் என்கிற முகப்புப் படத்தைப் பார்த்துத்தான் ஆட்கள் வேலை கொடுக்கிறார்கள் என்பது தெரியும். அதனால் குறை சொல்ல வரவில்லை. கேட்பது ஒன்றுதான்: வீட்டை வரைவதற்கு முன்னால் மனையை வரைந்து காட்டுங்கள். எந்தப் பக்கம் எவ்வளவு சரிவு, மழைத்தண்ணீர் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது, எந்த மரம் எங்கே நிற்கிறது, கோடையில் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது, எந்த மாதம் காற்று எங்கிருந்து அடிக்கிறது. ஒரு தாளில் அடங்கிவிடும். அந்தத் தாள் இல்லாமல் வரைகிற வீட்டில் எத்தனை செடியைத் தொங்கவிட்டாலும் அது இயற்கை வீடு ஆகாது.

முதலில் சரிவைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் பணம் அதிகம் போவது அங்கேதான். கல்குளம், விளவங்கோடு பக்கம் சமமான மனை கிடைப்பதே அபூர்வம். வேலை தொடங்கியதும் ஜேசிபி வந்து மேல்பக்கத்தை வெட்டிக் கீழ்பக்கத்தில் தள்ளி மட்டமாக்கிவிடுகிறது. அப்புறம் வெட்டிய இடத்தில் மண்ணைத் தாங்க ஒரு பெரிய சுவர் (ரீடெய்னிங் வால்), நிரப்பிய இடத்தில் இன்னொன்று. நனைந்த மண் சுவரைத் தள்ளும் பலம் காய்ந்த மண்ணுக்குக் கிடையாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் சுவரில் தண்ணீர் கசிய விடும் துளைகளை, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று பூசி அடைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். 2021 நவம்பரில் பெய்த மழையும் வெள்ளமும் எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்த மாதிரி மழையில் தண்ணீருக்குப் போக வழி வேண்டும்.

மட்டமாக்குவதற்குப் பதிலாக வீட்டையே சரிவோடு இறக்கலாமே. ரோட்டு மட்டத்தில் கூடம், அடுக்களை, முற்றம், அப்பா அம்மா அறை. நாலைந்து படி கீழே இறங்கினால் எங்கள் அறைகள். அதற்கும் கீழே மழைநீர்த் தொட்டி. அப்பாவுக்கு முட்டுவலி, அவரைப் படி ஏற வைக்க முடியாது. ஆகவே வயதானவர்களுக்குத் தேவையான எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கட்டும், இறக்கம் எல்லாம் பிள்ளைகள் பக்கம் போகட்டும். இப்படி ஒரு யோசனையை நீங்கள் சொல்வீர்கள் என்றுதான் எதிர்பார்த்தேன்.

தண்ணீர்க் கணக்கையும் பார்த்துவிடலாம். 3,000 சதுர அடி கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 2,800 லிட்டர் விழும். வருஷத்துக்கு இரண்டு பருவமழை வாங்கும் ஊர் நம்முடையது. இருந்தும் பங்குனி, சித்திரையில் லாரித் தண்ணீர் வாங்கும் பெரிய வீடுகள் உண்டு. மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கியது 2003-இல். அதற்குப் பிறகும் அனுமதி வாங்க ஒரு பைப்பும் ஒரு குழியும் காட்டுவதோடு சரி. வீட்டைச் சுற்றி ஒரு அடி மண்கூடத் தெரியாமல் இன்டர்லாக் கல் பதித்துவிடுகிறோம். பெய்த மழை ரோட்டுக்கோ பக்கத்து வீட்டுக்காரர் முற்றத்துக்கோ ஓடுகிறது. கார் நிற்கும் இடத்துக்கு மட்டும் கல் போதும். மிச்சம் மண்ணாகவே கிடக்கட்டும். சகதியாகும் என்பீர்கள். ஆகட்டும், செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் கழுவ வாசலில் ஒரு குழாய் வையுங்கள்.

அடுத்தது கூரை. ஜூனில் தொடங்கும் மழை, பெரியவர்கள் இடவப்பாதி என்பது, மேற்கிலிருந்து சாய்ந்து சாரலாக அடிக்கும். அக்டோபரில் வருவது இடியும் மின்னலுமாக மத்தியானத்துக்கு மேல் கொட்டும். நாலு பக்கச் சுவரும் நனையும் ஊர் இது. இங்கே இறவாணம், அதாவது சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பு, இல்லாத பெட்டி வீட்டைக் கட்டினால் பெயிண்ட் எத்தனை வருஷம் தாங்கும்? வெயில் கணக்கும் நமக்குத் தனி. நாம் இருப்பது 8 டிகிரி வடக்கு அட்சரேகையில். ஏப்ரல் நடுவாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அங்கிருந்து ஆகஸ்டு கடைசி வரை மத்தியான வெயில் வடக்குப் பக்கம் சாய்ந்துதான் விழும். வடக்கு ஜன்னலுக்கு நிழல் வேண்டாம் என்று எழுதியிருக்கும் புத்தகம் வேறு ஊருக்கானது. எல்லாச் சுவரையும்விட அதிகச் சூட்டை வாங்குவது கூரை. பகல் முழுக்க வெயில் குடித்த தட்டை கான்கிரீட், ராத்திரி அதைப் படுக்கையறைக்குள் இறக்கும். இரண்டு மழைக்காலம் போனதும் வீட்டுக்காரர் மொட்டை மாடிக்கு மேல் இரும்புச் சட்டம் அடித்து ஷீட் போடுகிறார். நாகர்கோவில் தெருக்களில் நடந்து பாருங்கள், கூரைக்கு மேல் கூரை எத்தனை! இரண்டுக்கும் செலவழித்த பணத்தில் முதலிலேயே ஒரு நல்ல சாய்கூரை போட்டிருக்கலாம்.

இதற்கெல்லாம் ரொம்ப தூரம் போய்ப் படிக்க வேண்டியதில்லை. வேளிமலை அடிவாரத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரம்தான். அரண்மனையைப் பார்த்துக்கொள்வது கேரளத் தொல்லியல் துறை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள்; வீடு கட்டுகிறவர்கள் போய் ஒரு மத்தியானம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இறங்கி வரும் ஓட்டுக் கூரை, அதன் நிழலுக்குள் மரச் சட்டங்களை வரிசையாக அடுக்கிய ஜன்னல்கள், இடையிடையே முற்றங்கள். காற்று உள்ளே வருகிறது, வெயில் வெளியே நிற்கிறது. ராஜாவுக்கே அதுதான் ஆடம்பரம். அதைப் பார்த்துவிட்டுச் சிமெண்டில் ஓட்டு டிசைன் வார்த்து முன்பக்கம் மட்டும் ஒட்டுவதை விட்டுவிடுங்கள், தயவுசெய்து.

முற்றம் கேட்டால் இப்போது எல்லாரும் போட்டுத் தருகிறீர்கள், சந்தோஷம். ஆனால் அதன் மேல் கண்ணாடியைப் போட்டு மூடிவிடுகிறீர்கள். சூடான காற்று மேலே ஏறி வெளியேறத்தான் முற்றமே. மூடினால் வீட்டு நடுவில் ஒரு அடுப்பு. திருடன் பயம் என்றால் கம்பி, கொசு பயம் என்றால் வலை. மழை விழட்டும், அதற்குத்தான் நடுவில் பள்ளமும் வடிகாலும். கண்ணாடி இல்லாமல் முடியவே முடியாது என்றால், அதைச் சுவரிலிருந்து ஒரு அடி உயர்த்தி நாலு பக்கமும் திறந்து விடுங்கள்.

பொருட்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், அதில் என்னைவிட உங்களுக்குத் தெரியும். குறைந்த செலவில் கட்டுவதற்குப் பெயர்பெற்ற ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் வாழ்ந்து கட்டிய கட்டடங்கள் நமக்குப் பக்கத்து ஊர்ச் சொத்து. அவர் அங்கே கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தைக் காலையில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். செங்கலை நிறுத்தி வைத்து நடுவில் இடைவெளி விடும் ராட் ட்ராப் முறையில் சுவர் கட்டினால் ஏறக்குறைய கால் பங்கு செங்கல் மிச்சமாகும், சுவரும் சூட்டைச் சீக்கிரம் உள்ளே விடாது. பழைய ஓடுகளை நடுவில் வைத்து வார்க்கும் ஃபில்லர் ஸ்லாப் கூரையில் கான்கிரீட் குறையும். ஆனால் பேக்கர் பெயரைச் சொன்னதும் ஒருவர், "அது காசில்லாதவங்க கட்டுறதுல்லா" என்றார். செலவைக் குறைக்க நான் கேட்கவில்லை. மிச்சமாகும் பணத்தை ஆசாரி வேலைக்குத் தருகிறேன் என்கிறேன். வீடு இருக்க வேண்டிய இடத்தில் தவிர்க்க முடியாமல் வெட்டும் மரத்தைக் கதவாகவும் நிலையாகவும் ஆக்கும் ஆசாரிமார் இன்னும் இங்கே இருக்கிறார்கள். அயினி இருக்கும்போது வெளிநாட்டுத் தேக்கு எதற்கு?

யாரும் பேசாத விஷயம் இன்னொன்று உண்டு. இந்த மாவட்டத்துப் பெரிய வீடுகளில் பல, வருஷத்தில் பெரும்பாலான நாள் பூட்டிக் கிடக்கின்றன. இல்லையென்றால் வயதான இரண்டு பேர் மட்டும் இருக்கிறார்கள். எங்கள் வீடும் அப்படித்தான் இருக்கும், மறைக்க ஒன்றுமில்லை. நம்முடைய புழுக்கத்தில் அடைத்துக் கிடக்கும் அறையில் பூஞ்சை பிடிக்கும், பிளைவுட் உப்பும், ஃபால்ஸ் சீலிங்குக்குள் எலி குடியேறும். ஆள் இல்லாத அறையிலும் காற்று போய்வர, பூட்டினாலும் திறந்தே இருக்கும் மரச் சட்ட ஜன்னல்களை, வலை போட்டு, மேலேயும் கீழேயும் வையுங்கள். பெரியவர்கள் இருக்கும் பகுதியைத் தனியாகப் பூட்டிக்கொள்ளும் மாதிரி வரையுங்கள். ஏசி இரண்டு அறைக்குப் போதும்.

ஒக்கிப் புயலையும் மறக்க வேண்டாம். 2017 நவம்பர் 30 அன்று ரப்பரும் வாழையும் மின்கம்பங்களும் சாய்ந்து கிடந்ததையும், கரண்ட் வர எத்தனை நாள் ஆனது என்பதையும் எல்லாரும் பார்த்தோம். சாய்கூரை கேட்கிற நான்தான் இதையும் சொல்ல வேண்டும்: மேல் வரிசை ஓடுகளைக் கம்பியால் கட்டுங்கள், கூரைச் சட்டங்களைச் சுவரோடு போல்ட் போட்டு இறுக்குங்கள், சோலார் பலகைகளையும் அப்படியே. ரப்பர் மரத்தை வீட்டுக்குப் பக்கத்தில் விட வேண்டாம். பலா நிற்கட்டும்.

சரி, எங்கள் தரப்பிலிருந்து ஒரு வாக்கு. மனையை அளந்து அந்த ஒரு தாளை வரைந்து தருகிறவருக்கு, வேலை அவருக்குக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அதற்கான கூலியைத் தந்துவிடுவோம். எலிவேஷனை அப்புறம் பேசிக்கொள்ளலாம். முடிந்தால் ஜூன் மாதம் மழை பெய்யும்போது வாருங்கள். தண்ணீர் போகும் வழியை யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது. அம்மா கட்டன் சாயா போட்டு வைப்பாள்.

இப்படிக்கு,
தக்கலைப் பக்கம் வீடு கட்டக் காத்திருக்கும் ஒரு குடும்பத்துக்காரி