செயன்முறைக் கூடத்துக்குக் கூரை போட உதவுங்கள்

அன்புள்ள பெற்றோரே, பழைய மாணவர்களே, கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் தோட்டத்துப் பிள்ளைகளே,

பிள்ளைகள் கையால் செய்து பழக நம் பள்ளியில் கட்டும் கூடத்துக்கு, மாரியம்மன் அருளால் சுவர் எழும்பிவிட்டது. கூரைதான் இல்லை. மே கடைசியில் மழை பிடித்தால் ஹட்டன் பக்கம் எப்படிக் கொட்டும் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? அதற்குள் தகரம் ஏற வேண்டும்.

மொத்தச் செலவு 1,180,000 ரூபா. சேர்ந்தது 735,000. குறை 445,000: தகரமும் மரமும் 260,000, கரண்ட் வேலை 75,000, மேசை, வேலைக் கருவிகள் 110,000.

நாட்டில் 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிகள் துரைமார் கையில்தான் இருந்தன. அரசாங்கம் பொறுப்பெடுக்க 1970கள் வரை காத்திருந்தோம். நம் தாத்தாமார் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. கொழுந்து நிறுத்துப் போட்ட கையோடு வந்து இந்தப் பள்ளிக்குக் கல் சுமந்தார்கள், தலைக்கு ஒரு நாள் சம்பளத்தை விட்டுக்கொடுத்தார்கள்.

6 முதல் 9ஆம் தரம் வரை உள்ள பிள்ளைகளுக்குத்தான் இந்தக் கூடம். போன வருடம் எட்டாம் தரத்தார் போஞ்சியும் லீக்ஸும் போட்டு, டவுன் கடையில் சிங்களத்தில் விலை பேசி, தராசைப் பார்த்து நிறுத்து, வரவு செலவும் எழுதினார்கள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைதான் கிலோவுக்குப் பத்து ரூபா கூட்டி வாங்கியது! நாளை கொழும்புக்கு பஸ் ஏறினாலும், என்.வி.கியூ என்ற தொழிற் தகைமைச் சான்றிதழுக்குப் படிக்கப் போனாலும், நாலு பேர் முன்னால் நிற்க இந்தத் துணிவுதான் வேண்டும். "கூலி வேலைக்கா பழக்குகிறீர்கள்?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். டாக்டராகப் போகிற பிள்ளைக்கு ஒரு பிளக் மாட்டத் தெரிந்தால் என்ன குறைந்துவிடும்?

தீபாவளி முற்பணத்தில் 500 ரூபா எடுத்துவைத்த கொழுந்தெடுக்கும் அக்காமாருக்கும், மணலைக் கூலி வாங்காமல் ஏற்றிவந்த லொறிக்கார அண்ணனுக்கும், ஞாயிறு தோறும் சும்மா வந்து கல் வைத்த மேசன்மாருக்கும், கட்டாரிலிருந்து மாதாமாதம் அனுப்பும் தம்பிமாருக்கும், பென்ஷன் காசில் இரண்டு மேசை தந்த பழைய அதிபர் ஐயாவுக்கும், பேர் போட வேண்டாம் என்ற அந்த அம்மாவுக்கும் எங்கள் நன்றி. உங்கள் பிள்ளை குட்டிகள் நல்லா இருக்கட்டும்.

கொப்பியில் தொகை எழுதிவிட்டு இன்னும் தராதவர்களும் உண்டு. பேரை இங்கே போடவில்லை. திருவிழாவில் மாலை மரியாதைக்கு முன்னால் நிற்பவர்கள் இதற்கும் கொஞ்சம் முன்னால் வரலாம்.

சித்திரைப் புத்தாண்டுக்கு முன் பொருளாளரிடம் கொடுத்து, பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். காசு இல்லையா, சரி, சனிக்கிழமை காலை 8 மணிக்கு வாருங்கள். மரம் தூக்க ஆள் வேண்டும். தேத்தண்ணியும் ரொட்டியும் எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
கட்டடக் குழுவினர்,
பாடசாலை அபிவிருத்திச் சங்கம்