சேமிப்பறையைத் தொடாத புதுப்பிப்பு

ஆசிரியருக்கு,

வணக்கம். அருங்காட்சியகத்தைப் புதுப்பிக்கிறோம் என்றாலே புதிய கூடம், தொடுதிரை, ஒளி-ஒலிக் காட்சி என்றுதான் பேச்சு போகிறது. பெரிய அருங்காட்சியகங்களில் பொருள்களில் சிறு பகுதியே பார்வைக்கு இருக்கிறது, மற்றவை சேமிப்பறையில். கூடத்தில் தெரியும் கோளாறுகள் பலவும் அங்கேதான் முளைக்கின்றன. பகுதி பகுதியாகப் பழுது பார்ப்பதை விட்டு, எது எதைத் தூண்டுகிறது என்று முழு அமைப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆண்டுக்கு 300 பொருள்கள் வருகின்றன, எண்ணிட்டு, அளந்து, படமெடுத்து, இருப்பிடம் குறிக்க முடிவது 200 என்று வைத்துக்கொள்வோம். பத்தாண்டில் 1,000 பொருள்கள் தேங்கும். கணக்கு அதோடு நிற்பதில்லை. அலமாரி நிறைந்ததும் பெட்டிகள் நடைவழிக்கும் தரைக்கும் வருகின்றன. ஒன்றை எடுக்க நாலை நகர்த்த வேண்டும். நகர்த்தும்போது சில உடைகின்றன. தேடுவதிலேயே வேலைநேரம் கரைவதால் பதிவு 200-லிருந்து 150 ஆகிறது. தேக்கமே தேக்கத்தை வளர்க்கிறது. ஆறு மாதத்துக்குத் தற்காலிக ஆள் போட்டால் குவியல் குறையும், வரவைக் கட்டுப்படுத்தாவிட்டால் மறுபடி சேரும். எந்த அலமாரி, யார் பதிவு செய்வார், எத்தனை மணி நேரம் என்ற மூன்றுக்கும் பதில் இல்லாமல் எந்த நன்கொடையையும் ஏற்கக் கூடாது.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சுமார் 2,000 பொருள்கள் காணாமலோ, திருடுபோயோ, சேதமடைந்தோ இருப்பது 2023-இல் வெளியானது. அவற்றில் பலவும் முறையாகப் பதிவு செய்யப்படாதவை. பதிவே இல்லாத பொருள் போனால் போனது எப்படித் தெரியும்? 2021-லேயே ஒரு பழம்பொருள் வணிகர் எச்சரித்திருந்தார். அந்தத் தகவல் உரிய நடவடிக்கையாக மாறவில்லை. தொகுப்பு முழுவதையும் ஐந்தாண்டில் கணினிப் பதிவாக்கும் திட்டம் அதன் பிறகே அறிவிக்கப்பட்டது.

பண்பாட்டுச் சொத்துகளைப் பேணுவதற்கான இக்ரோம் என்ற பன்னாட்டு மையம், சேமிப்பறைகளைச் சீரமைக்க வகுத்த ரீ-ஆர்க் முறையில் எளிய அளவுகோல்கள் உண்டு: எந்தப் பொருளையும் மூன்று நிமிடத்தில் கண்டுபிடிக்க வேண்டும்; அதை எடுக்க இரண்டுக்கு மேல் வேறு பொருளை நகர்த்தக் கூடாது; தரையில் எதுவும் இருக்கக் கூடாது. கூடவே பதிவேட்டிலிருந்து 50 பொருளை எடுத்து அலமாரியில் தேடுங்கள், அலமாரியிலிருந்து 50 எடுத்துப் பதிவேட்டில் தேடுங்கள். முதலாவது தவறினால் பொருள் தொலைந்திருக்கும், அல்லது குறிக்காமல் இடம் மாறியிருக்கும். இரண்டாவது தவறினால் பதிவே நடந்திருக்காது, அல்லது எண் அழிந்திருக்கும். மருந்தும் வேறுவேறு.

இன்னொரு சிக்கல், முடிவெடுப்பவர் ஒருவர், விளைவைச் சுமப்பவர் வேறொருவர். துணி, தாள் ஓவியங்களுக்கு 50 லக்ஸ் (பொருளின் மேல் விழும் ஒளியை அளக்கும் அலகு) ஒளி என்பது வழக்கம். நாளுக்கு 8 மணி, ஆண்டுக்கு 300 நாள் என்றால் 1,20,000 லக்ஸ்-மணி. கூட்டம் வருகிறதென்று பத்தரை மணி நேரம் திறந்தால் 1,57,500. பொதுவாகக் கொள்ளும் ஆண்டு வரம்பான 1,50,000-ஐத் தாண்டிவிட்டது. விளக்கை யாரும் கூட்டவில்லை, லக்ஸ் மானியும் அதே 50 காட்டும். சாயம் வெளிறியது தெரியச் சில ஆண்டுகள் ஆகும். அதற்குள் நேரத்தை நீட்டிய அதிகாரி மாறியிருப்பார். வெளிறிய நிறம் திரும்பாது.

தகவல் அறுந்துபோகும் இடங்களையும் தேட வேண்டும். மரச்சிற்பத்தின் அடியில் மாவு போலப் பொடி உதிர்ந்திருப்பதை முதலில் காண்பவர் துப்புரவுப் பணியாளர். அவர் அதைப் பெருக்கித் தள்ளினால், வண்டு அரிக்கிறது என்ற சேதியும் குப்பைக்குப் போய்விடும். பொடியைத் தொடாமல், பேழை எண்ணையும் தேதியையும் எழுதித் தர அவருக்கு ஓர் ஏடு போதும். பொருள்களைப் பேணும் பாதுகாப்புப் பிரிவினர் பொடியை எடுத்துவிட்டு அடியில் கறுப்புத்தாள் விரித்து, ஒரு வாரம் கழித்துப் புதுப்பொடி இருக்கிறதா என்று பார்க்கலாம்.

இதற்கெல்லாம் ஆலோசனை நிறுவனம் தேவையில்லை. காவலர், மின்பணியாளர், பதிவர், காப்பாட்சியர், கணக்கர், சீட்டு கொடுப்பவர் எல்லோரையும் ஒரு மேசையில் உட்கார வைத்து, யாரிடமிருந்து எனக்கு என்ன வருகிறது, யாருக்கு நான் எதைத் தருகிறேன் என்று பெரிய தாளில் அம்புக்குறி போட்டு எழுதச் சொல்லலாம். முனையில் ஆளில்லாத அம்புகளைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். இயக்குநர் பேசி மற்றவர் கேட்கும் கூட்டமாக மாறினால் பயனில்லை.

பார்வையாளர் எண்ணிக்கை மட்டும் ஆண்டறிக்கையில் வந்தால் பணமும் அதன் பின்னாலேயே போகும். பதிவாகாத பொருள்கள் எத்தனை, நூற்றில் எத்தனை மூன்று நிமிடத்தில் கிடைத்தன, ஒளிவரம்பைத் தாண்டிய பேழைகள் எத்தனை என்ற மூன்று எண்களையும் அருங்காட்சியகங்கள் அதே பக்கத்தில் வெளியிட வேண்டும். உங்கள் செய்தியாளர்கள் அடுத்த திறப்பு விழாவில் இவற்றையும் கேட்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
அருங்காட்சியகப் பாதுகாப்புத் துறை வாசகர்கள்