சொல்லாமல் உடைந்த கம்பி

அன்புள்ள மணி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முட்டி வலி இப்போது எப்படி இருக்கிறது? சாரத்தில் ஏறுவதைக் கொஞ்ச நாள் இளையவர்களிடம் விடு என்றால் நீ எங்கே கேட்கப் போகிறாய்!

தாமதத்துக்குக் காரணம் என் பொறியியல் வகுப்புப் பிள்ளைகள். 28 பேரையும் பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். காலையில் ஓர் அரங்கில் உட்கார வைத்து, எந்தெந்தப் பிரிவுகள் உண்டு, எப்படிச் சேர்வது என்று படம் போட்டு விளக்கினார்கள். பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். நானும் இரண்டு தடவை தலையாட்டினேன், அது தூக்கத்தில்தான்.

அப்புறம் பொருள் வலிமை ஆய்வகம். கம்பியை இழுத்து உடைக்கும் இயந்திரம், அதே யூடிஎம்தான், நமக்குத் தெரியாததா? பேராசிரியருக்கு வேறு வகுப்பு இருந்ததால் ஆய்வக உதவியாளர்தான் காட்டினார். அதுவே எங்கள் அதிர்ஷ்டம். 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள மைல்ட் ஸ்டீல், அதாவது மென் எஃகுக் கம்பியில் 50 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளி குத்தி, இயந்திரத்தின் தாடையில் மாட்டினார். இழுக்கும் பாரம் இரண்டு டன் பக்கம் வந்ததும் கம்பி இளகிக் கொடுத்தது. மூன்று டன்னைத் தாண்டியது. பிறகு திரையில் எண் இறங்கத் தொடங்கியது.

"சார், பாரம் குறையுதே, அப்புறம் ஏன் உடையணும்?" என்றாள் ஒருத்தி.

அவர் பதில் சொல்லாமல் கம்பியைக் காட்டினார். நடுவில் ஓரிடம் மட்டும் கழுத்துப் போலச் சிறுத்துக்கொண்டே வந்தது. தாங்குகிற பரப்பு குறுகக் குறுக, குறைந்த பாரமே அந்த இடத்துக்கு அதிகமாகிவிடுகிறது. படீரென்று ஒரு சத்தம். தொட்டுப் பார்க்கச் சொன்னார். உடைந்த முனை சுட்டது. ஒரு பக்கம் கிண்ணம், மறுபக்கம் கூம்பு. துண்டுகளைச் சேர்த்து வைத்து அளந்தால் 50 இருந்த இடத்தில் 64.

அடுத்து வார்ப்பிரும்பு. கழுத்தும் இல்லை, நீட்சியும் இல்லை. தட்டையாக, மணல் மணலான முகத்தோடு இரண்டாகிவிட்டது. "இது சொல்லாமப் போயிருச்சு சார்" என்றான் கடைசி வரிசைப் பையன்.

மணி, அந்த ஒரு வரியைச் சொல்லத்தான் நான் ஒரு பருவம் முழுக்க மல்லுக்கட்டுகிறேன். கான்கிரீட் உத்தரத்தில் கம்பியை அளவுக்கு மேல் திணிக்கக் கூடாது என்பதற்கும் இதுதானே காரணம்? கம்பி முதலில் நீண்டால் விரிசல் கண்ணில் படும், ஆட்கள் வெளியே ஓட நேரம் கிடைக்கும். கம்பி கூடிப்போனால் கான்கிரீட் முந்திக்கொண்டு நொறுங்கும். "இன்னும் நாலு கம்பி போட்டா இன்னும் பத்திரம்தானே" என்று உன்னிடம் வந்து நிற்பவர்களை இந்த ஆய்வகத்துக்கு ஒரு நடை அனுப்பி வை.

உன்னிடம் மட்டும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நாம் படித்தபோது இந்தச் சோதனையை நாம் செய்யவே இல்லை, ஞாபகமிருக்கிறதா? இயந்திரம் பழுது. சீனியர் ரெக்கார்டைப் பார்த்து அளவுகளை அப்படியே எழுதினோம். நீ சந்தேகம் வராமலிருக்க ஓர் எண்ணை மட்டும் மாற்றினாய். பாரம் ஏற ஏறக் கம்பி எப்படி நீள்கிறது என்று காட்டும் வளைகோட்டை 22 வருடமாகக் கரும்பலகையில் போடுகிறேன். அது கடைசியில் ஏன் கீழே இறங்குகிறது என்பதைக் கண்ணால் பார்த்தது இந்தப் புதன்கிழமைதான். பிள்ளைகளைவிட நான்தான் முன்னால் போய் எட்டிப் பார்த்தேன்.

மறுநாள் வகுப்பில் உடைத்துப் பார்க்கச் சாக்பீஸ் கொடுத்தேன். அதுவும் வார்ப்பிரும்பு மாதிரிதான், சொல்லாமல் உடையும். வளைத்து உடைத்தால் நேராக முறிகிறது, முறுக்கி உடைத்தால் 45 பாகையில் சுருளாக முறிகிறது. ஒரு பெட்டி தீர்ந்தது. அடுத்த பாடவேளையில் எழுத ஒரு முழு சாக்பீஸ்கூட இல்லை.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். தளத்தில் வெட்டிப்போடும் கம்பித் துண்டுகளில் விதவிதமாகப் பத்துப் பன்னிரண்டு எடுத்து வை. கொண்டுவந்தால் உடைத்துத் தருகிறேன் என்று அந்த உதவியாளர் சொல்லியிருக்கிறார். அரை மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், இரண்டு பக்கமும் தாடை கவ்வ இடம் வேண்டும். துருப்பிடித்த ஒன்றும் சேர்த்து வை.

உன்
சேகர்