வாச்சாத்தித் தீர்ப்பு எந்த மேஜையில் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் 20-ஐ ஒட்டி உங்கள் நாளிதழில் வாச்சாத்தி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 1992-ல் அதே தேதியில், எங்கள் பக்கத்து மலைவாழ் மக்கள் ஊரான வாச்சாத்திக்குள் சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறையினரும் போலீசாரும் புகுந்து, 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்த கதை அது. அரூர் வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கட்டுரையில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் வருஷா வருஷம் இதையேதான் படிக்கிறோம். ஆலமரத்தடியில் ஊரையே உட்கார வைத்தது, 18 பெண்களைப் பிரித்து ஏரிக்குக் கொண்டுபோனது, அப்புறம் அரூர் வனத்துறை அலுவலகத்தில் அடைத்து வைத்தது, சேலம் சிறைக்கு அனுப்பியது. அந்தப் பெண்கள் இதை சிபிஐயிடம் சொன்னார்கள், கோர்ட்டில் சாட்சிக்கூண்டு ஏறிச் சொன்னார்கள், குறுக்கு விசாரணையிலும் சொன்னார்கள். அவர்களில் ஒரு பெண்ணுக்கு 1992-ல் வயது 13. இன்னும் எத்தனை நிருபர்களுக்குத்தான் சொல்வது?

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, மலையடிவார ஊர்களுக்குத் தடுப்பூசி போட நாங்கள் ஜீப்பில் போனால், சத்தம் கேட்டதுமே பெண்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புதருக்குள் ஓடிவிடுவார்கள். எங்கள் டிரைவர் போட்டிருந்ததும் காக்கிதான், பாவம். அதனால் வண்டியை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு, தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் மட்டும் நடந்து போவேன். பிரசவத்துக்கு அரூர் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னால், "போற வழியிலதானே ஃபாரஸ்ட் ஆபீஸ் இருக்குது நர்சம்மா" என்பார்கள். வீட்டிலேயே பெற்றுக்கொள்வார்கள்.

இனி தீர்ப்புக்கு வருகிறேன். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. அவர்கள் செய்த மேல்முறையீட்டை 2023-ல் அதே தேதியில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சந்தன மரம் கடத்திய பெரிய ஆட்களைக் காப்பாற்றத்தான் ஏழைப் பெண்களைப் பலி கொடுத்தார்கள் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. 18 பேருக்கும் தலா 10 லட்சம் ரூபாய், அதில் பாதியை பாலியல் வன்கொடுமை செய்தவர்களிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்றது. அவர்களுக்கோ குடும்பத்தாருக்கோ வேலை தரச் சொன்னது. அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது.

என்னைக் கேட்டால் கடைசி உத்தரவுதான் முக்கியம். 269 பேர் ஒரு சின்ன ஊருக்குள் இறங்கியது மேலே இருந்தவர்களுக்குத் தெரியாமலா நடந்திருக்கும்? மேலிருப்பவர் தலை தப்பும் என்றால் கீழிருப்பவருக்குப் பயம் எங்கிருந்து வரும்? 2011 தீர்ப்பு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, திருக்கோவிலூர் போலீசார் மீது இருளர் பழங்குடிப் பெண்கள் நான்கு பேர் இதே பாலியல் வன்கொடுமைப் புகாரைக் கொடுத்தார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த ஜூனில் உங்கள் நிருபரை ஏரிக்கரைக்கு அனுப்ப வேண்டாம், தலைமைச் செயலகத்துக்கு அனுப்புங்கள். மூன்று அதிகாரிகள் மீது எந்தத் தேதியில் என்ன நடவடிக்கை? குற்றவாளிகளிடம் வசூலான தொகை எவ்வளவு? வேலை எத்தனை பேருக்குக் கிடைத்தது? பதில் வந்தால் அப்படியே போடுங்கள். வராவிட்டால், எந்த அலுவலகத்தில் யார் பதில் சொல்லவில்லை என்பதைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
அரூர் வட்டம், தருமபுரி மாவட்டம்.