ஹேர்மிஸ் கப்பலுக்குச் சுழியோட வரும் கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்புக்குப் பயணம் ஒழுங்குசெய்யும் கழகச் செயலாளர்களுக்கும் சுழியோட்டப் பொறுப்பாளர்களுக்கும்,

சித்திரையில் கிழக்குக் கடல் அமர்ந்ததும், இங்கே மூழ்கிக் கிடக்கும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸுக்கான பயணப் பட்டியல்கள் வரத் தொடங்கிவிடும். பட்டியலில் பெயர்கள் இருக்கும், அறை எண்ணிக்கை இருக்கும், ஆளுக்கொரு 12 லீற்றர் சிலிண்டர் என்ற வரியும் இருக்கும். அந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் இம்மடல்.

கப்பல் ஏறத்தாழ 53 மீற்றர் ஆழத்தில் இடப்புறம் சாய்ந்து கிடக்கிறது. மேற்பகுதியைத் தொடுவதற்கே 40 மீற்றரைத் தாண்ட வேண்டும். பொழுதுபோக்குச் சுழியோட்டத்தின் எல்லை முடிகிற இடத்தில்தான் இந்தக் கப்பல் தொடங்குகிறது.

கணக்கைப் பாருங்கள். 50 மீற்றரில் அழுத்தம் 6 பார், அதாவது மேற்பரப்பில் இருப்பதைப்போல் ஆறு மடங்கு. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லீற்றர் மூச்சு வாங்குபவருக்கு அங்கே 120 லீற்றர் வேண்டும். 200 பார் நிரப்பிய 12 லீற்றர் சிலிண்டரில் இருப்பது 2400 லீற்றர். இருபது நிமிடம் தாங்குமே என்று தோன்றும். ஆனால் துணைச் சுழியோடியின் காற்று அடியில் நின்றுபோனால் இருவரும் ஒரே சிலிண்டரில்தான் ஏற வேண்டும். பதற்றத்தில் ஆளுக்கு 30 லீற்றர் என்று வையுங்கள். அடியில் நிலைமையைச் சீராக்க ஒரு நிமிடம்: 360 லீற்றர். நிமிடத்துக்கு 9 மீற்றர் வேகத்தில் ஏற ஆறு நிமிடம், சராசரி அழுத்தம் 3.5 பார்: 1260 லீற்றர். மொத்தம் 1620 லீற்றர், அதாவது 135 பார். உடலில் சேர்ந்த நைதரசன் வெளியேற ஏறும் வழியில் காத்திருக்கும் எந்த நிறுத்தமும் சேராத கணக்கு இது. மிச்சமுள்ள 65 பாரில் இறங்கும் செலவு போக, கப்பலில் நிற்கக் கிடைப்பது ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தையும் நைதரசன் மயக்கம், அதாவது ஆழத்தில் காற்றிலுள்ள நைதரசன் போதைபோல் ஏற்றும் மயக்கம், மங்கலாக்கிவிடும். காற்றழுத்த மானியின் முள்ளைப் பார்ப்பார்கள், அது சொல்வது மண்டையில் ஏறாது.

நைட்ரொக்ஸ் (ஒட்சிசன் வீதம் கூட்டிய காற்று) கொண்டுவந்தால் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள் அதைவிடப் பெரிய ஆபத்தில் இறங்குகிறார்கள். 32 வீத நைட்ரொக்ஸின் எல்லை 33 மீற்றர். 50 மீற்றரில் அதன் ஒட்சிசன் அழுத்தம் 1.92 பார். முன்னறிவிப்பே இல்லாமல் வலிப்பு வரலாம், வாயிலிருந்து மூச்சுக் கருவியான ரெகுலேட்டர் விழும், நீர் உள்ளே போகும்.

இந்த ஆழத்துக்கு ஏற்றது முதுகில் இரட்டை 12 லீற்றர் சிலிண்டர், அதில் 21 வீத ஒட்சிசனும் 35 வீத ஈலியமும் கலந்த ட்ரைமிக்ஸ். அப்போது 50 மீற்றரில் உணரும் மயக்கம் 29 மீற்றரில் காற்றைச் சுவாசிப்பதற்குச் சமம். பக்கவாட்டில் 50 வீத நைட்ரொக்ஸ் சிலிண்டர் ஒன்று; 21 மீற்றருக்கு வந்த பிறகே அதைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரையும் பயன்படுத்துபவரே அளந்து, வீதம், ஆழ எல்லை, திகதி, பெயர் நான்கையும் ஒட்ட வேண்டும். இருபது நிமிடம் அடியில் நின்றவருக்கு ஏறுவதற்கு அதைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். இதற்கெல்லாம் பயிற்சிச் சான்றிதழ் இல்லாதவர் எவ்வளவு அனுபவசாலியானாலும் படகில் ஏற்றாதீர்கள்.

கயிறு பற்றியும் சொல்ல வேண்டும். படகை இறங்குகயிற்றில் கட்டிவைக்கக் கூடாது. நீரோட்டம் கூடி ஒருவர் கயிற்றைத் தவறவிட்டால், கட்டிய படகால் அவர் பின்னால் போக முடியாது. கரை ஏறத்தாழ 9 கிலோமீற்றர் தூரம். கச்சான் காற்று எழும்பிவிட்டால் அலைகளுக்கிடையே தலை தெரியாது. ஆள் இருக்கும் இடத்தை நீர்மேல் காட்டும் மிதவைக் குழாய் ஆளுக்கொன்றும் குறைந்தது 30 மீற்றர் நூலும் கட்டாயம். கப்பலில் மீன்பிடி நூலும் வலையும் சிக்கிக் கிடப்பதால் வெட்டும் கருவி இரண்டு, இரு கைக்கும் எட்டும்படி.

ஒட்சிசன் பெட்டி படகில் இருக்கிறது என்பது போதாது. 3 லீற்றர் சிலிண்டர் 200 பாரில் 600 லீற்றர். நிமிடத்துக்கு 15 லீற்றர் கொடுத்தால் நாற்பது நிமிடத்தில் தீர்ந்துவிடும். சுழியோட்ட நோய்க்குச் சிகிச்சை தரும் அமுக்க அறை திருகோணமலைக் கடற்படையிடம் இருக்கிறது, சாலைவழி ஏறத்தாழ 130 கிலோமீற்றர். ஒரு நோயாளிக்குக் குறைந்தது இரண்டு 10 லீற்றர் சிலிண்டர் வேண்டும்.

இன்னொன்றும் மறக்கக் கூடாது. 1942 ஏப்ரல் 9 அன்று, தன் விமானங்கள் ஒன்றும் இல்லாத நிலையில், யப்பானிய குண்டுவீச்சில் மூழ்கிய கப்பல் இது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். துணைக்கு வந்த வம்பயர் நாசகாரிக் கப்பலும் மூழ்கியது. வீட்டா என்ற மருத்துவக் கப்பல் ஏறத்தாழ 600 பேரை மீட்டது. ஆகவே உள்ளே நுழைய வேண்டாம். ஓட்டை வழியாகக் கண்ணில் படும் எதையும் தொடவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம்.

அந்தச் சான்றிதழ் இல்லாத மற்ற உறுப்பினர்களுக்கு ஏமாற்றம் வேண்டியதில்லை. அதே நாளில் மூழ்கடிக்கப்பட்ட பிரிட்டிஷ் சார்ஜன்ட் எண்ணெய்க் கப்பல் பாசிக்குடாப் பக்கம் 25 மீற்றருக்குள் கிடக்கிறது. அங்கே 32 வீத நைட்ரொக்ஸ் சரியான தெரிவு, ஒற்றைச் சிலிண்டரும் போதும், மீன் கூட்டமும் செழிப்பு. ஒரே பயணத்தில் இரண்டு பட்டியல் போடுங்கள். யார் எந்தப் பட்டியல் என்பதைப் பணம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். படகில் ஏறிய பிறகு சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.

ஈலியம் கடற்கரையில் கேட்டவுடன் கிடைக்கும் பொருளல்ல. ஆகவே மூன்று வாரத்துக்கு முன்பே ஒவ்வொருவரின் சான்றிதழ் நிலை, நிமிடக் காற்றுச் செலவு, கலவை வீதம், இரட்டைச் சிலிண்டர் எண்ணிக்கை, நாடு திரும்பும் விமான நேரம் ஆகியவற்றை அனுப்பிவையுங்கள். கடைசிச் சுழியோட்டத்துக்கும் விமானத்துக்கும் இடையே 24 மணி நேரம் இல்லாத பெயர்களை நாங்கள் ஹேர்மிஸ் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவோம்.

இப்படிக்கு,
மட்டக்களப்புக் கடலில் சுழியோடிகளை வழிநடத்துவோர்